சத்தம் வேணுங்களா, இழுவை வேணுங்களா?

கோயம்புத்தூர் கணபதியில், லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில், என் காரின் அடியில் படுத்திருந்த வெல்டிங் அண்ணன் வெளியே வராமலேயே கேட்ட கேள்வி இது.

"சத்தம் வேணுங்களா தம்பி, இழுவை வேணுங்களா?"

"ரெண்டும் வேணும்ணா" என்றேன்.

அவர் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். சைலன்சர் வாயிலிருந்து விரலால் வழித்தெடுத்த கரியை என் முன்னால் நீட்டினார். மை போலக் கறுப்பாக, ஈரமில்லாமல், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் கரி. "இப்ப ரெண்டுமே இல்லீங்க. வெறும் இரைச்சல்தான் இருக்குது. பெட்ரோல் முழுசா எரியாம வெளியே போகுது பாருங்க."

சத்தம் வேறு, இரைச்சல் வேறு. அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் நான் ஒரு பெரிய தப்பு செய்திருந்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டி என் மாமாவிடமிருந்து வாங்கியது. 2007ஆம் வருட மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல். 1,298 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு, 87 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய ஒரு டன்தான், அதனால் மிதித்தால் துள்ளிக்கொண்டு போகும். அந்த 1.3 லிட்டர் இன்ஜினைப் பற்றிப் பேச்செடுத்தால் பழைய ஸ்விஃப்ட் வைத்திருந்தவர்கள் முகம் இன்றைக்கும் மலர்ந்துவிடும். எனக்கு அதில் ஒரே ஒரு குறை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவ்வளவு சுறுசுறுப்பான இன்ஜின் வாயே திறக்காமல் ஓடுகிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலில் போனது வேறொரு கடை. பெயர் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்து, கம்பெனிக் குழாயைவிட ஒன்றரை மடங்கு அகலமான இரண்டரை இஞ்சுக் குழாயை நேராக இழுத்து, பின்னால் பெரிய வாயுள்ள எண்ட் கேன் (கடைசி சைலன்சர்) ஒன்றை மாட்டினார்கள். 9,000 ரூபாய். அன்று சாயங்காலம் அவிநாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சிக்னலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி பறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் கூடினால் வேகமும் கூடியது போல மனதுக்குத் தோன்றிவிடும். அது காது செய்யும் வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு வால்பாறை போனேன். ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும், மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வளைவைச் சுற்றி மிதித்தால் முன்பெல்லாம் வண்டி அப்படியே பிடித்து இழுக்கும். இப்போது முனகியது. ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம்தான் மெல்ல நகர்ந்தது. முதல் கியருக்கு இறக்கினால் காது பிளந்தது. பாதி மலை ஏறுவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி. பின் சீட்டில் பெட்ரோல் வாடை வருகிறது என்றார். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் தடுப்புச் சுவரை ஒட்டி வரையாடுகள் நாலைந்து நின்றுகொண்டிருந்தன. அந்தச் சாலையில் அவை வண்டிகளுக்குப் பழகியவை, சாதாரணமாக நகரக்கூட மாட்டாது. நான் கியர் மாற்றி மிதித்ததும் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் செங்குத்துப் பாறையில் ஏறி மறைந்துவிட்டன. கடைசியாக ஏறியது ஒரு குட்டி. அதன் கால் ஒருமுறை வழுக்கியதைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இறங்கி வந்த மறுவாரம்தான் கணபதி பட்டறைக்குப் போனது.

அந்த அண்ணன் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பழைய துணி ஒன்றைச் சுருட்டிப் பின்னால் குழாய் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அடியில் போய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தடவினார். நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றுசேரும் மேனிஃபோல்டுக்குக் கீழே இருந்த முதல் ஃபிளாஞ்சில், அதாவது இணைப்புத் தட்டில், நுரை குபுகுபுவென்று பொங்கியது. "இங்கதான் தம்பி உங்க மைலேஜ் போகுது" என்றார். உண்மைதான். 14 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11க்கு இறங்கியிருந்தது.

வெளியே கசியும் ஓட்டையால் மைலேஜ் எப்படிக் குறையும் என்று எனக்கு விளங்கவில்லை. விஷயம் இதுதான். புகைக் குழாயில் காற்று ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் விட்டுவிட்டுத் துப்புகிறது. ஒரு துப்பலுக்கும் அடுத்த துப்பலுக்கும் நடுவில் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, 'பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற கணக்கைக் காப்பாற்றத்தான் அந்த சென்சாரே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். அதுதான் அந்தக் கரி, அந்த வாடை, அம்மாவின் தலைவலி. இணைப்புக்கு நடுவில் வைக்கும் ஒரு சின்ன கேஸ்கெட் சரியாக உட்காராததற்கு இத்தனை விளைவு.

கசிவை அடைத்தால் மைலேஜ் திரும்பிவிடும். ஆனால் இழுவை? அது அந்த இரண்டரை இஞ்சுக் குழாயின் வேலை.

பட்டறைகளில் எல்லாரும் ஒன்று சொல்வார்கள்: "பேக் பிரஷர் இல்லாமப் போனா இழுவை போயிரும்." பேக் பிரஷர் என்றால் வெளியே போகும் புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். நானும் பல வருடம் அதை அப்படியே நம்பினேன். அதில் கண்ணால் பார்த்தது சரி, காரணம்தான் தப்பு. இன்ஜினுக்கு எந்த நேரத்திலும் பேக் பிரஷர் தேவையில்லை. நெஞ்சில் கை வைத்துத் தள்ளினால் யார்தான் வேகமாக நடப்பார்கள்? தேவைப்படுவது புகையின் வேகம். ஒன்றரை மடங்கு அகலக் குழாயின் உட்பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதே அளவு புகை அதில் பாதி வேகத்தில்தான் போகும். தோட்டத்துக் குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும், விட்டால் காலடியிலேயே கொட்டும். அதே கதைதான். வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும், அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் உருவிக்கொண்டு போகும். மெதுவாகப் போனால் அந்த இழுப்பு இல்லை. 6,000 ஆர்பிஎம்மில் புகை நிறைய இருக்கும்போது அகலக் குழாய் கொஞ்சம் உதவும். வால்பாறை வளைவில் 2,000த்தில் அது இழுவையைக் கெடுத்துவிடும்.

இது பாதிக் கதை. மீதிக் கதை அலை.

புகை வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு இருக்கும். திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே பாய்கிறது. புகையைவிட அலை வேகமானது. அந்தச் சூட்டில் ஒலியே நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தை அந்த அலை அடைந்ததும், தலைகீழாகி, உறிஞ்சும் அலையாக இன்ஜினை நோக்கித் திரும்பி வருகிறது. புகை வால்வு மூடப்போகும், காற்று வால்வு அப்போதுதான் திறக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால் கதையே வேறு. பழைய புகையை உருவி எடுத்து, புதுக் காற்றை உள்ளே இழுத்தும் விடும். பிஸ்டன் இறங்குவதற்கு முன்பே சிலிண்டர் நிறையத் தொடங்கிவிடும். நேரம் தவறி வந்தால் ஒன்றுமில்லை, சில சமயம் கெடுதலும்கூட.

எவ்வளவு நேரம் என்பது குழாயின் நீளத்தில் இருக்கிறது. நாகஸ்வரத்தில் குட்டையான திமிரிக்குச் சுருதி ஏறும், நீளமான பாரிக்கு இறங்கும். இங்கேயும் அதேதான். நீளமான குழாய் குறைந்த ஆர்பிஎம்மில் உதவும், குட்டைக் குழாய் கூடிய ஆர்பிஎம்மில். எல்லா ஆர்பிஎம்மிலும் உதவும் குழாய் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அந்த அண்ணன் கேட்ட அடுத்த கேள்வி, "வண்டிய எங்க ஓட்டுவீங்க?" என்பது. மலையில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நீளமாகப் போடலாம் என்றார்.

இந்த அலை விளையாட்டை நம் ஊரில் எல்லாரும் காதால் கேட்டிருக்கிறோம், பெயர் தெரியாமலேயே. யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன். அதன் புகைக் குழாய் மெல்லத் தொடங்கி நடுவில் பருத்து மறுபடி சுருங்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புது பெட்ரோல் கலவை கொஞ்சம் புகை வழியாகவே தப்பி ஓடிவிடும். பருக்கும் பகுதி உறிஞ்சும் அலையை அனுப்புகிறது, சுருங்கும் பகுதி தள்ளும் அலையை அனுப்பித் தப்பிய கலவையைத் திரும்ப உள்ளேயே அடைக்கிறது. இதைத் துல்லியமான கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் ஷோப்பாவ் நகரில் எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, லிட்டருக்கு 200. அதே வருடம் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். காடனின் நுட்பமெல்லாம் அவரோடு சுசுகிக்குப் போனது. 1962இல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை அவரே வென்றார். ஒரு சைலன்சர் குழாயின் வடிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் நாட்டைவிட்டே ஓடியிருக்கிறான் என்று படித்த நாளிலிருந்து, தெருவில் போகும் ஒரு ஆர்எக்ஸைக்கூட நான் நின்று கேட்காமல் விட்டதில்லை.

சரி, என் வண்டிக்கு வருகிறேன்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. இரண்டு சுற்றுக்குள் நான்கும் வெடித்துவிடும், அதாவது ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒன்று. புகை வால்வு அரைச் சுற்றைவிட அதிக நேரம் திறந்திருக்கும். அதனால் ஒன்றாம் சிலிண்டர் வால்வு மூடி முடிப்பதற்குள் மூன்றாம் சிலிண்டர் துப்பத் தொடங்கிவிடும். குட்டையான மேனிஃபோல்டில் நான்கும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும்போது, மூன்றின் புகை ஒன்றின் முகத்தில் அடிக்கிறது. இதற்குத்தான் மேனிஃபோல்டுக்குப் பதிலாக வைக்கும் 4-2-1 ஹெடர் என்ற குழாய்த் தொகுப்பு. ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகச் சேர்த்தால், ஜோடியில் இருப்பவை ஒரு முழுச் சுற்று இடைவெளியில் துப்பும். முட்டல் இல்லை. பிறகு இரண்டும் ஒன்றாகச் சேரும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 ஹெடரும் உண்டு. அது உச்ச ஆர்பிஎம்மில் கொஞ்சம் அதிகம் கொடுக்கும், நடுவில் கைவிட்டுவிடும். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது. எனக்கு 4-2-1.

அந்த அண்ணன் ஹெடர் செய்ததைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு நான்கு சனிக்கிழமை பார்த்தேன். குழாய் 304 ஸ்டெயின்லெஸ். வளைவுகளை பால் பண்ணைகளுக்கு ஃபிட்டிங்ஸ் விற்கும் கடையிலிருந்து வாங்கி வந்தார். பால் போகும் குழாயில் உள்ளே சுருக்கம் இருக்கக் கூடாது, புகைக்கும் அதேதான் வேண்டும். பெண்டிங் மிஷினில் வைத்து அமுக்கினால் வளையும் இடத்தில் குழாய் சப்பையாகிவிடும். அந்த இடமே பிறகு முழுக் குழாயின் அளவாகிவிடுகிறது. மைல்டு ஸ்டீல் குழாயாக இருந்தால் வறுத்த மணலை உள்ளே நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைப்பாராம். அவருடைய அப்பா காலத்து முறை.

நான்கு குழாயும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைந்து போகிறது, அளவு டேப் எங்கே பிடிப்பது? அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் டேப் ஒட்டி அடைத்து, அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றினார். உட்குறுக்களவு ஒன்றேதான், அதனால் தண்ணீர் சமமானால் நீளமும் சமம். மூன்று குழாய் ஏறக்குறைய 385 மில்லி பிடித்தன. இரண்டாம் சிலிண்டருக்கானது 25 மில்லி அதிகம் பிடித்தது. 35 மி.மீ. குழாயில் 25 மில்லி என்றால் இரண்டரை சென்டிமீட்டர். அதை வெட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றி, தலையைச் சாய்த்து ஜாடியின் கோட்டைப் பார்த்த அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெல்டிங் ஆர்கான் வாயுவில். வெளியே மட்டும் ஆர்கான் பட்டால் போதாது. உள்பக்கம் காற்று இருந்தால் ஸ்டெயின்லெஸ் பொரிந்து, முறுகின சர்க்கரைப் பாகு மாதிரி கரடுமுரடாகிவிடும். புகை அதில் உரசிக்கொண்டே போகும், ஒருநாள் அங்கேயே விரிசலும் விடும். அவர் குழாயின் இரு முனையையும் அடைத்து, ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளேயும் ஆர்கான் விட்டார். ஓரிரண்டு நிமிடம் காத்திருந்து, அதன் பிறகே முகமூடியை இறக்கினார். வெல்டு ஆறியதும் வைக்கோல் நிறத்தில் இருந்தது. "இந்த நிறம் வந்தா நல்லதுங்க தம்பி. சாம்பல் நிறம் வந்தா அதிகமாச் சூடாக்கிட்டேன்னு அர்த்தம்." ஓரிடம் சாம்பலாக இருந்தது. யாருக்கும் தெரியாத, இன்ஜினைப் பார்த்த பக்கம். அதை அறுத்து மறுபடி வைத்தார்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவே இல்லை. நான் புதிதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். முதல் கடையில் பழையதைத் திருப்பிக் கேட்டபோது "ஸ்கிராப்ல போயிருச்சு" என்றார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது, பழைய இரும்புக்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். எனக்குப் பணம் போனதில் வருத்தமில்லை. நான் ஓட்டிய அந்த இரண்டு மாதமும் என் வண்டி விட்ட கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் என்னால் திரும்ப உள்ளே இழுக்க முடியாதவை. இந்தியாவில் 1995இல் சென்னை உட்பட 4 பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள், அதற்காகவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. அதற்கு முன் டிராஃபிக்கில் நின்றால் கண் எரிந்த காலத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பவருக்காக அதை வெட்டி எடுக்கச் சொல்பவர்களிடம் நான் இப்போது வாதாடியே தீருவேன். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டர் இந்த மாதிரிச் சின்ன இன்ஜினில் தின்னும் பவர் கால் பெடலில் உணரக்கூடிய அளவே இல்லை. அடைத்துப்போன கன்வெர்ட்டர் வேறு விஷயம், அதை மாற்றத்தான் வேண்டும். அது வேலை செய்ய 250, 300 டிகிரிச் சூடு வேண்டும் என்பதால் ஹெடர் முடியும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தார் அண்ணன். ஹெடரைச் சுற்றி வெப்பத் துணியும் சுற்றினார். அதற்கு அப்புறம் பின்னால் வரை 2 இஞ்சுக் குழாய். கடைசியில் துளையிட்ட குழாயைச் சுற்றி கிளாஸ் வூல் அடைத்த சைலன்சர் ஒன்று.

மாட்டி ஓட்டினேன். இழுவை வந்துவிட்டது. 2,000த்தில் மிதித்தால் முதுகில் சீட் அழுத்தியது. சத்தமும் நன்றாக இருந்தது, 4,000த்துக்கு மேலே தொண்டையைத் திறந்து பாடுகிற மாதிரி. ஆனால் சேலம் ரோட்டில் ஐந்தாவது கியரில் 90இல் போனபோது காருக்குள் ஒரு ரீங்காரம். மண்டைக்குள் வண்டு புகுந்தாற்போல. 80க்கு இறங்கினால் இல்லை, 100க்குப் போனால் இல்லை, 90இல் மட்டும். 2,700 ஆர்பிஎம்.

இந்த ரீங்காரம் சைலன்சர் மாற்றியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பலர் அதைச் சகித்துக்கொண்டே வண்டியை விற்றுவிடுவார்கள். கணக்கு போட்டால் பிடிபடும். 4 சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு 2 வெடிப்பு. 2,700ஐ 60ஆல் வகுத்தால் நொடிக்கு 45 சுற்று, 90 வெடிப்பு. அதாவது 90 ஹெர்ட்ஸ். கிளாஸ் வூல் கீச்சென்ற சத்தங்களை நன்றாக விழுங்கும், இவ்வளவு அடித்தொண்டைச் சத்தம் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்கு மருந்து, குழாயின் பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாய் வைத்து அதன் முனையை மூடிவிடுவது. அதற்குள் போகும் அலை மூடிய முனையில் முட்டித் திரும்பி வரும்போது அரை அலை பின்தங்கியிருக்கும், அடுத்து வரும் அலையோடு மோதி இரண்டும் அடங்கிவிடும். கிளையின் நீளம் அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 300 டிகிரிப் புகையில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் போகும் என்று வைத்தால் 1.33 மீட்டர்.

அண்ணன் என் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, "அடைச்ச குழாய்ல புகை ஓடாதுங்களே தம்பி, உள்ள இருக்கறது ஆறிப் போயிராதுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லை. ஆறிய காற்றில் ஒலி மெதுவாகப் போகும், அப்படியானால் குழாய் இன்னும் குட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது. அதனால் 1.33 மீட்டரில் தொடங்கினோம், சைலன்சரை ஒட்டி மடித்து வைத்து, முனையில் கழற்றி மாட்டும் மூடியோடு. ஓட்டிப் பார்ப்பது, வருவது, ஆறும்வரை டீ குடிப்பது, மூன்று சென்டிமீட்டர் அறுப்பது, மறுபடி சேலம் ரோடு. அன்று ஐந்து முறை நீலாம்பூர் வரை போய் வந்தோம். நான் ஓட்ட, அவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். ஐந்தாவது முறை 90ஐத் தொட்டபோது ரீங்காரம் இல்லை. டயர் சத்தம் கேட்டது. அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே "இதுதானுங்க" என்றார். வந்து அளந்தால் 1.21 மீட்டர்.

பவரை அளக்கும் டைனோ மிஷினில் ஏற்றிப் பார்த்தோம். மாற்றுவதற்கு முன் கம்பெனி நிலையில் சக்கரத்தில் 71 குதிரைத்திறன் இருந்தது, முதல் கடை வேலைக்கு முன்பே ஒருமுறை ஆசைக்காக ஓட்டி வைத்திருந்த தாள் அது. இப்போது 75. நான்கே நான்குதான். இதற்கு 26,000 ரூபாய் ஆனதா என்று கேட்டால், ஆம். டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் புகைக் குழாய் மட்டும் மாற்றி இருபது முப்பது கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை மகிழ வைத்தது அந்த உச்ச எண் இல்லை. தாளில் 2,000த்துக்கும் 3,500க்கும் நடுவே கோடு பழைய கோட்டுக்கு மேலேயே முழுவதும் போயிருந்தது. மலை ஏறுவது அந்த இடத்தில்தான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு, ஒலி, காற்று மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை தனி. என் ஹெடரும் கிளைக் குழாயும் சட்டத்தின் முன் மாற்றம்தான். பிடித்தால் என்னிடம் சொல்ல வாதம் எதுவும் இல்லை, தெரிந்தே எடுத்துக்கொண்ட பொறுப்பு. ஆனால் ஊருக்குள் ஓட்டும்போது பின்னால் கம்பெனி சைலன்சர்தான் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுச் சந்தில் நுழைந்தால் ஒரு நாய்கூடத் தலை தூக்காது. கிளாஸ் வூல் சைலன்சரை நான்கு போல்ட்டு கழற்றி மாட்டுவது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டக் கிடைக்கும் நாளில் மட்டும். 2.1 கிலோமீட்டர் டிராக். மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்த நம்ம ஊர் கரிவர்தன் நினைவாக வந்தது. அங்கே மெயின் ஸ்ட்ரெய்ட்டில் மூன்றாவது கியரில் 6,000 வரை போக விட்டுக் கேட்பதற்கு ஈடு எனக்கு வேறு இல்லை.

போன மாதம் மறுபடி வால்பாறை. அதே அப்பா, அம்மா. ஆழியாறு தாண்டி மூன்றாவது வளைவில் இரண்டாவது கியரில் 2,000த்தில் மிதித்தேன், வண்டி பிடித்துக்கொண்டு ஏறியது. ஒன்பதாவது வளைவில் இரண்டு வரையாடுகள் இருந்தன. ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது.

இருபதாவது வளைவு வாக்கில் அம்மா கேட்டார்: "சைலன்சர என்னமோ மாத்தப்போறேன்னயே, மாத்தலையா கண்ணு?"

மாற்றிவிட்டேன் என்றேன். அம்மா நம்பவில்லை. ஆள் இல்லாத நேர் சாலை ஒன்று வந்தது, ஒரு பக்கம் பாறை. ஜன்னல்களை இறக்கிவிட்டு 4,500 வரை போக விட்டேன். பாறையில் பட்டுத் திரும்பி வந்த அந்தச் சத்தத்தை மூவரும் கேட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலை ஏற்றச் சொல்லவும் இல்லை.